வாழக் கற்றுக்கொடுக்கிறோமா?

பால்மரம் வெட்டப் பழகும் இளைஞனை எவரும் முதல் நாளே நல்ல நிரையில் விட்டுவிடுவதில்லை. மறுநடவுக்காக வீழ்த்தப்படவிருக்கும் முதிய மரங்களில்தான் முதலில் அவனுடைய கை பழகுகிறது. பக்கத்தில் தந்தையோ தாயோ அனுபவம் மிக்க வேறொருவரோ நிற்கிறார். கத்தியை எப்படிப் பிடிப்பது, இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் வெட்டுக்கோட்டை எப்படிக் காப்பது, பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது என்பவற்றை அவர் வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுவதே மிகுதி. கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்திவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தில் மீண்டும் வெட்ட வரும்போது அந்தப் பழைய பிழை கண்முன் வந்து நிற்கும். இதனை அறிந்திருப்பதால்தான் பழக்கும் காலத்தில் நாம் அவ்வளவு பொறுமை காட்டுகிறோம்.

ஒரு மரத்தின் பட்டைக்கு இத்தனை கவனம் செலுத்தும் நாம், நம் பிள்ளைகள் நாளை நடத்தவிருக்கும் குடும்ப வாழ்க்கைக்கு அதே கவனத்தைச் செலுத்துகிறோமா? சம்பளச் சீட்டைப் படிக்கவும், பத்திரங்களைப் பேணவும், கையெழுத்திடுமுன் கேள்வி கேட்கவும், தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளவும் அவர்களைப் பழக்குகிறோமா? இக்கேள்வியை இம்மாதம் நம் வாசகர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

தோட்டம் கற்பித்ததும் கற்பிக்காததும்

"இக்காலப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்ற குறையை நாம் எங்கும் கேட்கிறோம். இக்குறை முழு உண்மையன்று. தோட்டத்து லயங்களில் வளர்ந்த முந்திய தலைமுறையினர் பல திறன்களைப் பார்த்துப் பார்த்தே கற்றனர். விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குச் சென்றுவிட, மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினர். உலை வைத்தனர், ஆடு மாடு பார்த்தனர், வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட்டனர். உழைப்பின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆயினும் ஒரு வகைத் திறனை அந்த வாழ்க்கை அவர்களுக்குக் கற்பிக்கவே இல்லை. வீடு தோட்டத்துடையது; ஆகவே வாடகை ஒப்பந்தம் என்னவென்று அறிய வேண்டியதில்லை. மருந்தகமும் பள்ளியும் கோயிலும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. அரசாங்கப் பாரம் எதுவாயினும் ஆபீசுக்கு எடுத்துச் சென்றால் கிராணி நிரப்பித் தந்துவிடுவார். காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பதோ கையெழுத்திடுவதோதான் நம் வேலையாக இருந்தது. தாளும் எழுத்தும் பிறர் கையில் இருந்தன.

இன்று நிலைமை மாறிவிட்டது. கடந்த பல ஆண்டுகளில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. தோட்டத்தில் எஞ்சியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் வேலை தேடிப் பட்டணம் செல்கின்றனர். அங்கே கிராணி இல்லை. வாடகை வீட்டுக்காரரும் வங்கியும் தொழிற்சாலையும் நீட்டும் தாள்களை அவர்களே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நாமே கற்றிராத ஒன்றை நம் பிள்ளைகள் கற்கவில்லை என்று அவர்கள்மீது மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

பள்ளிக்கூடம் இதனைக் கற்பிக்கும் என்று சிலர் எண்ணலாம். நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் முன்பு 'கெமாஹிரான் ஹிடுப்' என்ற வாழ்க்கைத் திறன் பாடம் இருந்தது. மரவேலை, மின்சார வேலை, தையல், சமையல், பயிர் வளர்ப்பு, எளிய கணக்கு முதலியவற்றை மாணவர்கள் அதில் செய்து பழகினர். 2017ஆம் ஆண்டில் தொடங்கிய புதிய கலைத்திட்டத்தில் அதன் இடத்துக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பற்றிய பாடம் வந்தது. காலத்துக்கேற்ற மாற்றம் அது. எப்பாடமாயினும், ஆசிரியர் பொதுவாகக் கணக்கைக் கற்பிக்க முடியுமேயன்றி, நம் வீட்டு வரவு செலவையும் நம் பிள்ளையின் சம்பளச் சீட்டையும் அவர் எடுத்து விளக்க முடியாது. அது வீட்டில் நடக்க வேண்டிய பாடம்.

பதினெட்டு வயதின் பொருள்

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயது நிறைந்தவர் உரிய வயதடைந்தவர் ஆகிறார். அன்று முதல் அவர் இடும் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தும். வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த அரசியலமைப்புத் திருத்தம் 2019ஆம் ஆண்டு நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் பதிவும் தாமாகவே நடைபெறுகிறது. நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பெற்ற இளைஞரை, "சின்னப் பிள்ளை, அதற்கென்ன தெரியும்" என்று நாம் ஒதுக்கிவைக்க முடியுமா? அந்த வயதை எட்டுமுன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றுள் முதன்மையானவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதல் பாடம்: பத்திரங்கள்

பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் மற்றெல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவிகள். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். 12 வயதில் பிள்ளைக்கு மைகார்டு எடுக்க வேண்டும். 18 வயதில் புதிய புகைப்படத்துடன் அதனை மாற்ற வேண்டும். இவற்றைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் பிற்பாடு பள்ளிச் சேர்க்கையிலும் தேர்விலும் வேலையிலும் பட்ட துன்பத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

நம்மிடையே அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது திருமணப் பதிவு. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை ஒழுங்குபடுத்தும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். 21 வயது நிறையாத மணமக்களுக்குப் பெற்றோரின் இசைவும் தேவை. கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர் இன்னும் உள்ளனர். சடங்கு நம் பண்பாடு. பதிவு நம் பாதுகாப்பு. இரண்டும் வேண்டும்.

பதிவு இல்லாவிட்டால் என்ன நேரும்? சட்டப்படி பதிவாகாத மணத்தில் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை, அரசியலமைப்பின்படி தாயின் நிலையைப் பொறுத்தே முடிவு செய்யப்படும். தாயிடம் குடியுரிமைப் பத்திரம் இல்லையெனில், தந்தை குடிமகனாக இருந்தும் குழந்தை தவிக்க நேரிடும். மணமேடையில் மறந்த ஒரு தாள், பல ஆண்டுகள் கழித்து ஒரு மாணவியின் உயர்கல்வியைத் தடுத்து நிறுத்தலாம். ஆகவே திருமண வயதை எட்டும் நம் பிள்ளைகளுக்கு, மண்டபம் பேசுமுன்னரே தேசியப் பதிவு இலாகாவுக்குச் செல்லும் வழியைக் காட்ட வேண்டும்.

இரண்டாம் பாடம்: சம்பளச் சீட்டு

பட்டணத்துத் தொழிற்சாலையொன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு வீடு திரும்பிய ஓர் இளைஞரை நாம் ஒரு தோட்டத்தில் சந்தித்தோம். மாதந்தோறும் அவர் சம்பளத்தில் சேமநிதிக்கென்று பணம் பிடிக்கப்பட்டது. சம்பளச் சீட்டைப் பார்த்ததுண்டா என்று கேட்டோம். "கையில் வந்த பணத்தை எண்ணுவேன், தாளைக் கசக்கிப் போட்டுவிடுவேன்" என்றார். அந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகுதான், பிடித்த பணத்தில் பல மாதத் தொகை அவர் கணக்கில் சேரவே இல்லை என்பது தெரிந்தது. முறையிடச் சென்றபோது காட்டுவதற்கு அவரிடம் ஒரு சீட்டும் இல்லை. உழைப்பில் அவர் குறை வைக்கவில்லை. ஒரு தாளைப் படித்துப் பத்திரப்படுத்தும் பழக்கத்தை மட்டும் அவருக்கு எவரும் கற்றுத் தரவில்லை.

அந்தத் தாளில் இருப்பது என்ன? 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியை எடுத்துக்கொள்வோம். தொழிலாளியின் பங்காக 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, சேமநிதிக்குப் பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி, செலுத்த வேண்டும். ஆக மாதம் 408 வெள்ளி இளைஞரின் பெயரில் சேர வேண்டும். 2024 மே மாதம் முதல் இத்தொகை மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. முக்கால் பங்கான 306 வெள்ளி ஓய்வுக் காலக் கணக்குக்குச் செல்லும். 15 விழுக்காடான 61 வெள்ளி 20 காசு, வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான கணக்குக்குச் செல்லும். எஞ்சிய 40 வெள்ளி 80 காசு எப்போது வேண்டுமாயினும் எடுக்கக்கூடிய கணக்கில் சேரும். எடுக்கலாம் என்பதற்காக மாதந்தோறும் எடுத்துவிடாமல் இருப்பதும் ஒரு திறன்தான்.

சொல்லிக் கொடுக்க வேண்டியவை இன்னும் உள்ளன. சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்; மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் அதனைச் சம்பளச் சீட்டுடன் ஒப்பிட வேண்டும். சொக்சோ பாதுகாப்பு வேலையிடத்தில் மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் உண்டு. மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கு இது தெரிந்திருந்தால், விபத்து நேர்ந்த அன்றே முதலாளிக்குத் தெரிவித்து, மருத்துவமனைச் சீட்டுகளைச் சேர்த்து வைப்பர்.

மூன்றாம் பாடம்: கையெழுத்தும் கடனும்

"நண்பன் வண்டி வாங்குகிறான், ஒரு கையெழுத்துத்தானே" என்று பிணைக் கையெழுத்திடும் இளைஞர் பலர். பிணை நிற்பது சாட்சிக் கையெழுத்திடுவதன்று. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் பிணை நின்றவர் கட்ட வேண்டும். தவணை தவறிய வண்டியை எடுத்து விற்ற பிறகும் கடன் முழுதும் தீரவில்லையெனில், எஞ்சிய தொகைக்கும் பொறுப்பு உண்டு. வண்டியில் ஒரு நாளும் ஏறாதவர் அதற்குப் பல ஆண்டுகள் பணம் கட்டும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

வட்டிக் கணக்கையும் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்பது 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டத்தின் கீழுள்ள வரம்பு. 1,000 வெள்ளிக்கு அது ஆண்டுக்கு 180 வெள்ளி. 'ஆலோங்' எனப்படும் உரிமமற்றவர் வாரத்துக்கு 10 விழுக்காடு கேட்டால், கேட்கும்போது 100 வெள்ளி சிறு தொகையாகவே தோன்றும். 52 வாரங்களில் அது 5,200 வெள்ளியாகும். அதன் பிறகும் முதல் 1,000 வெள்ளி அப்படியே நிற்கும். இந்தப் பெருக்கல் கணக்கை நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே கற்றுவிட்டார்கள். தேவையான நேரத்தில் அதனைப் போட்டுப் பார்க்கும் பழக்கம்தான் வேண்டும். கடனில் ஏற்கெனவே சிக்கியவர்கள், 2006ஆம் ஆண்டு முதல் இலவச ஆலோசனை வழங்கிவரும் ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடலாம்.

இக்காலத்தில் மற்றோர் ஆபத்தும் வந்துள்ளது. வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் சில நாட்களுக்குக் கொடுத்தால் சில நூறு வெள்ளி தருவதாகச் சிலர் இளைஞர்களை அணுகுகின்றனர். மோசடிக்காரர்கள் பிறரிடம் திருடிய பணத்தை அந்தக் கணக்கின் வழியாகக் கடத்துகின்றனர். பிடிபடுபவர் கணக்கின் சொந்தக்காரரே. வங்கி அட்டையை இரவல் கொடுப்பது அடையாளக் கார்டை இரவல் கொடுப்பதற்கு ஒப்பானது என்று பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மோசடியில் பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும்.

நான்காம் பாடம்: வீட்டு வேலை

சமையல், துணி துவைத்தல், பொத்தான் தைத்தல், நோயாளியைக் கவனித்தல் ஆகியவை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இன்னும் ஆழமாக உள்ளது. பள்ளி விட்டு வந்த மகள் பாத்திரம் கழுவ, மகன் பந்து விளையாடச் செல்கிறான். பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கும்போது அந்த மகன் மூன்று வேளையும் கடையில் உண்கிறான். சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைகிறது. சோறும் ஒரு குழம்பும் ஒரு பொரியலும் ஆக்கத் தெரிந்த இளைஞனுக்கு மாதக் கடைசியில் கடன் கேட்கும் தேவை குறையும். நாளை அவனுக்கு மனைவியாக வருபவளின் சுமையும் குறையும். ஆண்பிள்ளையைச் சமையல்கட்டுக்கு அழைப்பதில் தாழ்வு எதுவும் இல்லை.

பழக்கும் முறை

இவற்றையெல்லாம் அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவர். பால்மரம் வெட்டப் பழக்குவதுபோலவே இதனையும் பழக்க வேண்டும். சிறிய பொறுப்பைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, பிழையைப் பொறுத்து, மெல்ல மெல்லக் கையை விலக்கிக்கொள்ள வேண்டும்.

12 வயதில் மைகார்டு எடுக்கச் செல்லும்போது, பிள்ளையே தன் விவரங்களைச் சொல்லட்டும். நாம் அருகில் நிற்போம். 14, 15 வயதில் ஒரு வாரத்துச் சமையல் செலவுப் பணத்தை மகனிடமோ மகளிடமோ கொடுத்து, சாமான் வாங்கிக் கணக்கு எழுதச் சொல்லலாம். வியாழக்கிழமையே பணம் தீர்ந்துபோனால் கோபிக்க வேண்டாம். அந்த வாரம் குழம்பு சற்று நீர்த்திருக்கும், அவ்வளவுதான். வீழ்த்தப்படவிருக்கும் முதிய மரத்தில் பட்ட காயம் போன்றது அது. வளரும் மரத்தில் அக்காயம் படாமலிருக்கவே இப்போது பழக்குகிறோம். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற நம் முன்னோர் வாக்கை அந்த ஒரு வாரம் நன்றாக விளக்கிவிடும்.

16, 17 வயதில் மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் கட்டும் பொறுப்பை ஒப்படைக்கலாம். கடிதங்களையும் பத்திரங்களையும் ஒரே பெட்டியில் ஒழுங்காக அடுக்கி வைக்கும் வேலையைத் தரலாம். முதல் சம்பளம் வாங்கி வரும் நாளில், பணத்தைச் சாமிப் படத்தின் முன் வைத்து வணங்கிய பிறகு, சம்பளச் சீட்டை விரித்துக் குடும்பமாக அமர்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கலாம்.

"எங்களுக்கே மலாய் சரியாகப் படிக்கத் தெரியாதே, நாங்கள் எப்படிக் கற்பிப்பது?" என்று சில பெற்றோர் கேட்கலாம். பள்ளியில் படிக்கும் மகள் அந்தப் பாரத்தை வாசித்துத் தமிழில் பொருள் சொல்லட்டும். அதில் என்னென்ன கேள்விகள் கேட்க வேண்டும் என்பதை அனுபவமுள்ள தாய் சொல்லட்டும். படிப்பு அவளிடமும் எச்சரிக்கை இவரிடமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் இருவரும் கற்பர். தோட்டத்துக் கோயில் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கினால், வழிகாட்ட ஆளில்லாத பிள்ளைகளுக்கும் அது துணையாகும்.

நம் சமுதாயத்துக்கு இந்த ஆற்றல் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்து தவித்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. அளந்து செலவிட்டு, நம்பிக்கையோடு சேமித்த பெற்றோரின் பேரப்பிள்ளைகளே இன்றைய இளைஞர்கள்.

நம் பிள்ளைகளுக்கு நிலமோ வீடோ விட்டுச்செல்ல நம்மில் பலரால் இயலாமற் போகலாம். தன் பத்திரத்தைத் தானே பேணி, தன் சம்பளத்தைத் தானே கணக்கிட்டு, படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்திட மறுக்கும் துணிவை எல்லாராலும் விட்டுச்செல்ல முடியும். இந்தச் சம்பள நாளிலேயே அதனைத் தொடங்குவோம். நம் சம்பளச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "இதைப் படித்துச் சொல்" என்று கேட்போம்.